வாடிக் கிடந்தவர் தெளிந்தால் ‘பெர்க் அப்’

இங்கிலாந்தில் முதியோர் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். காலை ஹேண்ட்ஓவரில், அதாவது நைட் டியூட்டி நர்ஸ் நோயாளிகளின் நிலையைச் சொல்லி எங்களிடம் ஒப்படைக்கும்போது, அடிக்கடி காதில் விழும் ஆங்கில வினைச்சொல் பெர்க் அப் (perk up). நீர்ச்சத்து வற்றி, கூப்பிட்டாலும் கண் திறக்காமல் கிடந்தார் ஒரு பாட்டி. இரவெல்லாம் டிரிப் ஏறியது. விடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, டீ எங்கே என்று கேட்டாராம். நைட் டியூட்டி நர்ஸ் என்னிடம் சொன்னது ஒரே வரி: "ஷீ ஹாஸ் பெர்க்ட் அப் நைஸ்லி."

காய்ச்சல் விட்ட பிள்ளையைப் பார்த்து "தெளிஞ்சிட்டான்" என்போமே, அதேதான். குணமாகிவிட்டார் என்று அர்த்தமில்லை. ரத்தப் பரிசோதனை பாக்கி இருக்கும், டாக்டரும் பார்த்திருக்க மாட்டார். முகத்தில் களை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அகராதியில் ‘உற்சாகமடை’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். நன்றாக இருப்பவர் இன்னும் குஷியானால் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை; முன்னால் ஒரு சோர்வு இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றியதும் நிமிரும் செடிக்கும், மந்தமாகக் கிடந்து சூடுபிடிக்கும் வியாபாரத்துக்கும்கூட இதே சொல்தான். பார்ட்டி களைகட்டினால் லைவன் அப் என்பார்கள். நாயின் காது மட்டும் தனிக்கதை: பிஸ்கட் டப்பா திறக்கும் சத்தத்துக்கு அது விறைத்து நிற்பதும் பெர்க் அப். அங்கே சோர்வு கீர்வு எதுவும் வேண்டாம், நிமிர்ந்தால் போதும்.

பேசும்போது ஆளை நடுவில் வையுங்கள். "எ கப் ஆஃப் டீ வில் பெர்க் யூ அப்" என்பது சரி. ‘பெர்க் அப் யூ’ என்று யாரும் சொல்வதில்லை. அப்புறம், துக்கத்தில் இருப்பவரிடம் நேராக "பெர்க் அப்!" என்று சொல்லவே சொல்லாதீர்கள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே என்று அதட்டுவதுபோல் விழும். நோயாளியின் குடும்பத்தாரிடம் இப்படி ஒரு வார்த்தை வந்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதப் படிக்கும் நர்ஸ்களுக்கு இன்னொன்று. சம்பளத்தோடு வரும் சலுகைகளைப் பெர்க்ஸ் என்பது வேறு சொல், பெர்க்விசிட் என்பதன் சுருக்கம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.