ஒரே நாளில் நான்கு பஞ்சர், நான்கும் நண்பனின் பின் சக்கரத்தில்: காலைக்குள் வழி சொல்லுங்கள்

நடுவழி (இரவு 8.40)

ஐந்து நாள் சைக்கிள் பயணம். நானும் நண்பனும் மட்டும். இன்று இரண்டாம் நாள், 104 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம், மூன்று மணிக்குள் முடிந்திருக்க வேண்டும். அறைக்கு வந்து சேர்ந்தது இரவு ஏழரைக்கு.

28ஆம் கிலோமீட்டரில் முதல் பஞ்சர். முள் டயரில் குத்தியபடியே நின்றது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு டியூப் மாற்றினோம். 41இல் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் புஸ். அதைக் கழற்றும்போது டயரை நெம்பும் லீவர் உடைந்துவிட்டது, மீதி வேலையை ஸ்க்ரூ டிரைவரால் முடித்தோம். பழைய டியூபுக்கு பேட்ச் ஒட்டிப் போட்டோம். அவனுக்குக் கோபம் வந்து, கை வலிக்கும்வரை பம்ப் அடித்தான். சக்கரம் கல் மாதிரி ஆகிவிட்டது. 63இல் மறுபடியும். கடைசியாக இருந்த புது டியூபைப் போட்டோம், அது இருபது நிமிடம்கூடத் தாங்கவில்லை. அதற்கும் பேட்ச் போட்டு, காத்து கொஞ்சமாக வைத்து ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தோம்.

டயர் அளவு 700க்கு 32, வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. உள்ளே விரல் விட்டுத் தடவிப் பார்த்துவிட்டோம், முள்ளோ கம்பியோ எதுவும் இல்லை. என் சைக்கிளில் அதே டயர்தான், அதே ரோடுதான், ஒன்றும் ஆகவில்லை. நாளைக்கு 95 கிலோமீட்டர் பாக்கி. அவன் இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.

பின்காற்று (இரவு 8.52)

டயர் போயிருக்கும், மாற்றிவிடுங்கள். வெயிலில் காத்து விரியும், வெடிக்கத்தான் செய்யும். காத்தைக் குறைத்து ஓட்டுங்கள்.

உப்புத்தாள் (இரவு 9.05)

டயரை மாற்ற அவசரப்பட வேண்டாம். ஓட்டை டியூபின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று நீங்கள் சொல்லவே இல்லையே? ரோட்டைப் பார்த்த பக்கமா, ரிம்மைப் பார்த்த பக்கமா? வால்விலிருந்து எவ்வளவு தூரம்? பாதி பேர் பேட்ச் ஒட்டியதும் ஓட்டையை மறந்துவிடுகிறார்கள். எதனால் பஞ்சர் ஆனது என்று சொல்வதே அந்த ஓட்டைதான். மூன்று டியூபையும் தரையில் நீட்டிப் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நடுவழி (இரவு 9.40)

பார்த்தேன். முதல் ஓட்டை ரோட்டுப் பக்கம், அது முள். இரண்டாவது டியூபில் ஓட்டை ஒன்றல்ல, இரண்டு! பக்கத்துப் பக்கத்தில் சின்னக் கீறல்கள், பாம்பு கொத்தியது மாதிரி. மூன்றாவதும் நான்காவதும் ரிம் பக்கம். ஒன்று வால்விலிருந்து சுமார் 21 செ.மீ., மற்றொன்று அதே பக்கத்தில் 27 செ.மீ. இரண்டையும் சுற்றி ரப்பர் வட்டமாகப் புடைத்த தடம் இருக்கிறது, சட்டைப் பொத்தானை அழுத்தி எடுத்தது போல.

உப்புத்தாள் (இரவு 9.58)

விஷயம் அந்தத் தடத்தில்தான் இருக்கிறது. 32 ஸ்போக் கம்பி உள்ள சக்கரத்தில், ரிம்மில் ஒரு ஸ்போக் மாட்டும் ஓட்டைக்கும் அடுத்ததுக்கும் 6 செ.மீ. போல இடைவெளி. 27இல் 21 போனால் 6. அடுத்தடுத்த இரண்டு ஸ்போக் ஓட்டைகளில் டியூப் பிதுங்கி உடைந்திருக்கிறது. அந்த ஓட்டைகளை மூடியிருக்க வேண்டிய ரிம் டேப் விலகியிருக்கும். நீங்கள் ஸ்க்ரூ டிரைவர் என்று எழுதியபோதே எனக்குச் சந்தேகம்.

இன்று நடந்ததை வரிசையாகப் பாருங்கள். முள் எடுத்த பிறகு சின்னப் பம்பால் அடித்தீர்கள், காத்து போதவில்லை. அதனால் பள்ளத்தில் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே டியூப் நசுங்கி இரட்டைக் கீறல் விழுந்தது. அதைக் கழற்றும்போது ஸ்க்ரூ டிரைவர் டேப்பைத் தள்ளிவிட்டது. அப்புறம் கோபத்தில் கல் மாதிரி அடித்த காத்து டியூபை அந்த ஓட்டைக்குள் தள்ளியது. கடைசியில் காத்து கொஞ்சமாக இருந்தபோது தாங்கியதும் இதனால்தான்.

இப்போதே டயரைக் கழற்றி டேப்பைப் பார்த்துவிடுங்கள். முதலுதவிப் பையில் துணி பிளாஸ்டர் இருக்கிறதா?

நடுவழி (இரவு 10.20)

அப்படியே இருக்கிறது! டேப் ஒரு ஓரத்தில் மடிந்து, இரண்டு ஓட்டைகள் பாதி வெளியே தெரிகின்றன. பிளாஸ்டர் ஒரு சுருள் இருக்கிறது. நண்பனும் எழுந்து வந்துவிட்டான்.

உப்புத்தாள் (இரவு 10.34)

நல்லது. பழைய டேப்பை முழுக்க எடுத்துவிடுங்கள். ரிம்மின் உட்பக்கத்தைத் துடைத்துவிட்டு, ஒரு பஞ்சுத் துண்டை ஒரு சுற்று இழுத்துப் பாருங்கள். எங்கே பஞ்சு மாட்டுகிறதோ அங்கே பிசிர் இருக்கிறது, உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பிளாஸ்டரை இழுத்துப் பிடித்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இரண்டு சுற்று ஒட்டுங்கள். அகலம் நடுப்பள்ளத்துக்கு மட்டும் இருந்தால் போதும். டயர் உட்காரும் விளிம்பில் ஏறினால் டயர் சரியாகப் பிடிக்காது. பழைய டியூபை வெட்டிச் சுற்றலாம் என்று யாராவது சொல்வார்கள், இந்த மாதிரி ரிம்முக்கு வேண்டாம். அதிகக் காத்தில் அந்த ரப்பரும் ஓட்டைக்குள் பிதுங்கும்.

பேட்ச் விஷயத்திலும் அவசரம் வேண்டாம். சொல்யூஷன் தடவி ஈரப் பளபளப்பு போகும்வரை விடுங்கள், ஐந்து நிமிடம் போல ஆகும். ஈரத்திலேயே ஒட்டினால் காலையில் தூக்கிக்கொள்ளும்.

டயரை ஏற்ற லீவரே தேவையில்லை. விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கிக்கொண்டே வந்து வால்வுக்குப் பக்கத்தில் முடியுங்கள், கடைசிப் பிடி தளர்வாகக் கிடைக்கும்.

மூன்றாம் கியர் (இரவு 10.41)

பின்காற்று சொன்ன வெயில் பற்றி ஒரு கணக்கு. 20 டிகிரியில் 70 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் காத்து அடித்த டயர் 50 டிகிரிக்குச் சூடானாலும் 79 பக்கம்தான் போகும். அதற்கு நல்ல டயர் வெடிக்காது. மலை இறக்கத்தில் ரிம் பிரேக்கை விடாமல் பிடித்தால் ரிம் சூடாகும், அது வேறு கதை.

நடுவழி, ஒன்று கேட்க வேண்டும். அதே டயர், அதே ரோடு என்றீர்கள். சுமையும் அதேதானா?

நடுவழி (இரவு 10.55)

இல்லை. கூடாரம், பானை, கருவிகள் எல்லாம் அவன் கேரியரில். 14 கிலோ இருக்கும். என்னிடம் உடுப்பு மட்டும், 4 கிலோ. அவன்தான் பலசாலி என்று அப்படிப் பிரித்தோம். நான் அதிகம் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் கியர் (இரவு 11.02)

ஆளின் எடையே பின் சக்கரத்தில்தான் அதிகம் இறங்கும். அதன்மேல் 14 கிலோ. உங்களுக்குப் போதுமான காத்து அவனுக்குப் போதாது. கூடாரத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் உச்ச அளவுக்கு மேல் போகாமல், அதற்குச் சற்றுக் கீழே வையுங்கள். மீட்டர் உள்ள பம்ப் எங்காவது கிடைத்தால் சரியான அளவு வைத்துக்கொண்டு, அடுத்த முறை உங்கள் சின்னப் பம்பில் அதே அளவுக்கு எத்தனை அடி ஆகிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். விரலால் அழுத்திப் பார்ப்பதை நம்பாதீர்கள்.

பின்காற்று (இரவு 11.10)

சரி, டயரை மாற்றச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

நடுவழி (மறுநாள் இரவு 7.15)

95 கிலோமீட்டரும் முடிந்தது, அவன் சக்கரத்தில் காத்து அப்படியே நிற்கிறது. கூடாரமும் கருவிப் பையும் என்னிடம். ஏற்றத்தில் 14 கிலோ என்றால் என்ன என்று பாதி புரிந்தது.

ஆனால் 60ஆம் கிலோமீட்டரில் பஞ்சர். என் பின் சக்கரம். நான் குனிந்து டயரை நெம்ப ஆரம்பித்ததும், அவன் மைல்கல் மேல் உட்கார்ந்து, “வால்விலிருந்து அளந்தாயா?” என்றான்.

அளந்தேன். ரோட்டுப் பக்கம், ஒரு முழம் தள்ளி. டயரில் அதே இடத்தைத் தடவினால், மயிரிழை மாதிரி ஒரு எஃகுக் கம்பி, வெடித்த லாரி டயரிலிருந்து உதிர்வது. தூரம் தெரியாமல் சும்மா தடவியிருந்தால் விரலுக்கே தட்டுப்பட்டிருக்காது. நகவெட்டியால் பிடித்து இழுத்தோம்.