மெஷினில் வைத்த கல்லீரலை நேரில் பார்த்தவர்கள் உண்டா?

இங்கிலாந்தில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருக்கிறேன். ஊரில் வேலை பார்த்தவரை, மாற்று அறுவைக்கு உறுப்பு வருவதென்றால் எனக்குத் தெரிந்தது ஐஸ் பெட்டிதான். இதயம் என்றால் நாலு மணி நேரம், கல்லீரல் என்றால் பன்னிரண்டுக்குள் முடித்தாக வேண்டும். பெட்டி உள்ளே வந்ததுமே எல்லார் கண்ணும் கடிகாரத்துக்குப் போய்விடும்.

அன்று ஒரே நோயாளிக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் வந்தன. கொடையாளர் வயதானவர், கல்லீரலில் கொழுப்பும் இருந்தது. நடு ராத்திரி. "மெஷினில் போட்டுப் பார்ப்போம்" என்றார் சர்ஜன். தமனி, போர்ட்டல் சிரை, பெருஞ்சிரை, பித்தநாளம், நான்கிலும் குழாய் செருகி, 37 டிகிரியில் ரத்தம் ஓட விட்டோம். வெளிறிக் கிடந்த ஈரல் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் பிடித்தது. கறிக்கடையில் பார்க்கும் அதே நிறம், என்ன செய்ய, அதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அப்புறம் குழாயில் பித்தநீர் சொட்டியது. லாக்டேட், அதாவது ஈரல் வேலை செய்தால் ரத்தத்தில் குறையும் ஒரு கழிவு, 9-ல் இருந்து இரண்டே மணி நேரத்தில் 2-க்கு இறங்கியதும் சர்ஜன் டீ குடிக்கப் போய்விட்டார். தைப்பதற்கு முன்பே அது வேலை செய்வது தெரிந்துவிட்டதே! கூடுதல் நேரம் கிடைப்பதைவிட இதுதான் பெரிய விஷயம் என்பேன்.

சிறுநீரகத்துக்குச் சூடு இல்லை. குளிர்ந்த திரவத்தை உள்ளே செலுத்தும் சின்ன பம்ப் போதும். காலையில் கல்லீரலைப் பொருத்தியதும் நோயாளியின் பிரஷர் நிலையாக நிற்கவில்லை. சரி, சிறுநீரகம் பம்பிலேயே இருக்கட்டும் என்று நோயாளியை ஐசியூவுக்கு அனுப்பினோம். அதைப் பொருத்தியது அன்று சாயங்காலம்தான்.

*

என் மாமாவுக்குச் சென்னையில் ஐஸ் பெட்டியில் வந்த கல்லீரல்தான். ஆறு வருஷமாக நன்றாக இருக்கிறார். வேண்டாம் என்று ஒதுக்கிய ஈரலைக்கூட இந்த மெஷின் காப்பாற்றும் என்கிறார்களே அக்கா, உண்மையா?

*

ஓரளவு உண்மைதான் தம்பி. இங்கே பர்மிங்காமில், நாட்டின் எல்லா மாற்று அறுவை மையங்களும் நிராகரித்த 31 கல்லீரல்களை மெஷினில் வைத்துப் பார்த்து, 22-ஐப் பொருத்தினார்கள். ஆனால் அதில் சிலருக்குப் பிற்பாடு பித்தநாளம் கெட்டு, மறுபடியும் மாற்ற வேண்டி வந்தது. லாக்டேட் அதையெல்லாம் முன்கூட்டிச் சொல்லாது. மாமாவுக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள். மாத்திரையை மட்டும் விட்டுவிட வேண்டாம்.