கிளிநொச்சி ஓட்டத்துக்குப் பஜிரோ: வைச்சிருக்கிறதோ, விக்கிறதோ?

கொக்குவில் ஜீப் கேட்டது:

வணக்கம். வாகனம் பஜிரோ நீட்டு பொடி, 4எம்40 ரேர்போ டீசல் 2835 சீசீ, மனுவல் கியர், சூப்பர் செலெக்ற். 235/75 ஆர் 15 இருந்த இடத்தில இப்ப 31 × 10.5 ஆர் 15 மட் ரயர். மேல இரும்புக் கரியர், முன்னுக்கு இரும்புப் பம்பர்.

கந்தோர் கிளிநொச்சிக்கு மாறியிருக்கு. போய்வர மீற்றரில 122 கிலோமீற்றர் காட்டுது. மாசம் 22 நாள் எண்டா 2684. லீற்றருக்கு 8.5 தான் ஓடுது, ஆக மாசம் 316 லீற்றர் டீசல். வாகன் ஆர் ஹைப்பிரிட் ஒண்டு லீற்றருக்கு 20 ஓடும் எண்டு பிடிச்சா 134 லீற்றர் பெற்றோலோட முடியும்.

ஜீப்பை விக்க மனம் வரேல்லை. ஆனா சம்பளத்தில பெரும்பங்கு எண்ணெய்ச் செற்றுக்குப் போகுது. என்னத்தைத் திருத்தினா இதின்ர குடி குறையும்? குறைஞ்சாலும் தினசரி ஓட்டத்துக்கு இது தாங்குமோ? இதைக் கந்தோருக்கு விடாமல் வீட்டில நிப்பாட்டி வைச்சா என்ன பழுதுபடும்? விபரமாச் சொல்லுங்கோ.

---

மைல்கட்டை:

முதல்ல உங்கட கணக்கே பிழை. 235/75 ஆர் 15 இன்ர விட்டம் 733 மில்லிமீற்றர் அளவு. 31 அங்குலம் எண்டா 787. மீற்றர் பழைய ரயருக்குக் கணக்குப் பண்ணினது, அதால உண்மையில ஓடின தூரத்தைவிட 7 வீதம் குறைச்சுக் காட்டும். நீங்கள் ஒரு நாளைக்கு ஓடுறது 122 இல்லை, 131.

சந்தேகம் எண்டா யாழ்ப்பாணம்-கண்டி ஏ9 றோட்டுக் கரையில கிலோமீற்றர் கட்டை நட்டிருக்கு. சாவகச்சேரி தாண்டி ஒரு கட்டையில பூச்சியத்துக்கு மாத்திப்போட்டு பத்துக் கட்டை ஓடுங்கோ. மீற்றர் 9.3 காட்டினா நான் சொன்னது சரி.

இதில ரெண்டு விசயம் கிடக்கு. உங்கட ஜீப் லீற்றருக்கு 8.5 இல்லை, 9.1 ஓடுது. அந்த எஞ்சினுக்கு, மட் ரயரும் கரியரும் ஏத்தினபிறகு, அது கூடாத கணக்கு இல்லை. ஆனா சின்னக் காருக்குப் போட்ட கணக்கு காருக்குச் சார்பாப் பிழைச்சிருக்கு: அந்தக் காரும் உண்மையான 2880 கிலோமீற்றரைத்தான் ஓடவேணும். ஏ9ல ஏசியோட 80இல ஓடினா 20ஐ நம்பாதேங்கோ, 17 எண்டு பிடியுங்கோ. 169 லீற்றர் வரும். மிச்சம் 182 இல்லை, 147.

அளக்கிற முறையையும் சொல்லிவிடுறன். ஒரே செற், ஒரே பம்ப், வாகனம் நிக்கிற பக்கமும் ஒண்டு. முதல் 'கிளிக்'கோட நிப்பாட்டவேணும். டீசல் நுரைக்கும், அதால வேகமா அடிச்சா நேரத்தோடயே கிளிக் விழும். மெல்லமா அடிக்கச் சொல்லுங்கோ. 300 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடிப்போட்டுத் திரும்ப அதேமாதிரி நிரப்பவேணும். போறதை மட்டும் அளக்காதேங்கோ. சோளகம் (தென்மேற்குக் காத்து) அடிக்கிற மாசங்களில ஆனையிறவு வெளியில போகேக்க எதிர்க்காத்து, வரேக்க தள்ளிவிடும். ரெண்டையும் சேத்துத்தான் கணக்கு.

எண்ணெய் விலை மாறிக்கொண்டே இருக்கும். லீற்றரில கணக்கை வைச்சிருங்கோ, அந்தந்த மாச விலையால பெருக்கலாம். டீசலுக்கும் பெற்றோலுக்கும் விலை வேற எண்டதையும் மறக்காதேங்கோ.

---

கராச் வாசல்:

மைல்கட்டை சொன்னது சரி. திருத்துற விசயத்துக்கு வாறன், செலவு குறைஞ்சதில இருந்து.

கரியரைக் கழட்டுங்கோ. பஜிரோ ஏற்கெனவே பெட்டி மாதிரி. மேல இரும்புச் சட்டம் காத்தைப் பிடிச்சு இழுக்கும். வேகம் கூடக்கூட அந்த இழுவை வேகத்தின்ர வர்க்கமாக் கூடும், அதால 90ஐ விட்டிட்டு 70இல ஓடினாலே வித்தியாசம் மீற்றரில தெரியும். சட்டப்படியும் அதுதான் வேகம்.

பிறகு பிறேக். எங்கட ஊர் உப்புக்காத்துக்கு கலிப்பரின்ர (பிறேக் பாட்டை அமத்திற பிடி) சிலைட் பின் இறுகிப்போறது சாதாரணம். 20 கிலோமீற்றர் ஓடிப்போட்டு, கடைசி ஒரு கிலோமீற்றர் பிறேக் மிதிக்காமல் உருட்டிக்கொண்டு வந்து நிப்பாட்டி, நாலு றிம்முக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோங்கோ. ஒண்டு மட்டும் சுட்டா அங்கதான் டீசல் எரியுது. பின்னைக் கழட்டி உரசித் துடைச்சு, சூடு தாங்கிற சிலிக்கன் கிறீஸ் பூசவேணும். சாதாரண கிறீஸ் போட்டா ரப்பர் ஊதித் திரும்ப இறுகும். சிலைட் பின் சுகமா ஓடியும் சில்லு பிடிச்சுக்கொண்டு நிண்டா பிறேக் ரப்பர் கோசு உள்ளுக்கு வீங்கியிருக்கும். அமுக்கம் போகும், திரும்பி வராது. கோசை மாத்தவேணும்.

றேடியேற்றர் விசிறி. எஞ்சின் ஆறினபிறகு, திறப்பைக் கழட்டிப்போட்டு விசிறியைக் கையால சுத்திப் பாருங்கோ. கொஞ்சம் தடையோட சுத்தி நிக்கவேணும். எஞ்சினோட சேந்து இறுகி நிண்டா விஸ்கஸ் கப்ளிங் (விசிறியை எஞ்சினோட இணைக்கிறது) பழுது: எந்த நேரமும் லொறி மாதிரி இரையும், எஞ்சின்ர சக்தியைத் தின்னும். சும்மா லேசாச் சுழண்டுகொண்டே இருந்தா மறுபக்கப் பழுது, அது சூடேத்தும். 4எம்40 ஒருக்கா நல்லாச் சூடேறினா ஹெட் வெடிக்கும், விளையாடாதேங்கோ.

தேமோஸ்ரற் (எஞ்சின் சூடேறும்வரை தண்ணியை மறிக்கிற வால்வ்) உள்ளுக்கு இருக்கோ எண்டும் பாருங்கோ. "எங்கட வெக்கைக்கு இது தேவையில்லை" எண்டு கழட்டி எறியிற பழக்கம் இன்னும் இருக்கு. இல்லாட்டி எஞ்சின் தன்ர சூட்டுக்கு வராது. சூடு காட்டுற ஊசி மாசம் முழுக்கக் கீழயே நிக்கும், டீசல் சரியா எரியாது, ஓயிலும் கெதியாக் கெடும்.

இதெல்லாம் முடிஞ்சபிறகுதான் இன்ஜெக்ரர். விடிய ஸ்ராட் பண்ணேக்க கறுப்புப் புகை, தட்டுற சத்தம் இருந்தா நாலையும் கழட்டி அமுக்கப் பரிசோதனைக்குக் குடுங்கோ. தெளிக்கிற விதம் பனிப்புகார் மாதிரி இருக்கவேணும்; துளி விழுந்தா நொசில் மாத்தவேணும். திரும்பப் பூட்டேக்க கீழ போடுற செம்பு வாசர் புதுசாப் போடவேணும், பழசைப் போட்டா கொம்பிறசன் கசியும். பம்பை மட்டும், தேவை எண்டு காட்டாமல் திறக்க விடாதேங்கோ. நல்லா இருந்த பம்பைத் "ரியூன்" பண்ணி டீசல் திருகாணியைக் கூட்டிவிட்டால் இழுவை கூடும், புகையும் கூடும், வருசப் புகைப் பரிசோதனையில தோத்துப்போவியள்.

மண்ணெண்ணெய் கலக்கலாமோ எண்டு ஆராவது காதில ஓதுவினம். போர்க்காலப் பொருளாதாரத் தடைக்காலத்தில பழைய ஏ40 காரும் மொறிஸ் காரும் பெற்றோல் கொஞ்சம் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடின ஊர்தான் இது, ஆனா அது காபரேற்றர் எஞ்சின். இந்த டீசல் பம்புக்கு உள்ளுக்கு வேற ஓயில் இல்லை, ஓடுற டீசல்தான் அதுக்கு எண்ணெய்ப் பசை. மண்ணெண்ணெய் போனா உள்ள இரும்பு உரசித் தேயும். மிச்சம் பிடிக்கிற காசைப்போலப் பலமடங்கு பம்புக்குக் குடுக்கவேணும். சுப்பர் டீசலும் இந்த எஞ்சினுக்கு வேண்டாம், விலை வித்தியாசத்தை ஓட்டத்தில எடுக்கேலாது.

---

ரெண்டு எச்:

ஒருத்தரும் கியர் லீவரைப் பற்றிக் கதைக்கேல்லை. சூப்பர் செலெக்ற்றில 4எச் (நாலு சில்லும் இழுக்கிறது) தார் றோட்டில போடலாம், நடுவில டிபரன்சல் இருக்கு, அதால கனபேர் மழைக்காலத்தில போட்டதை எடுக்க மறந்திடுவினம். கந்தோர் ஓட்டத்துக்கு 2எச் (பின்சில்லு மட்டும் இழுக்கிறது) போதும்.

போட்டாலும் முன் அச்சு விடுபட்டதோ எண்டு பாக்கவேணும். அதை விடுவிக்கிறது வக்கியூம், அந்த மெல்லிய ரப்பர் குழாயள் இந்த வயசில வெடிச்சிருக்கும். டாஷ்போட்டில முன்சில்லு லைற் அணையாமல் மின்னிக்கொண்டு இருந்தா அதுதான். சோதிக்கிறதெண்டா பின்சில்லுக்கு ரெண்டு பக்கமும் கட்டை வைச்சு, நியூற்றலில எஞ்சினை ஓடவிட்டு, 2எச் போட்டு, முன்சில்லு ஒண்டை ஜக்கில தூக்கிக் கையால சுத்துங்கோ. வேற ஒராள் பக்கவாட்டில நிண்டு பாக்கட்டும், அடியில பூரவேண்டாம். முன் புறொப்பல்லர் சாப்ற் சேந்து சுத்தினா அச்சு விடுபடேல்லை. குழாய் வாங்கிற காசு ஒரு நாள் டீசலுக்கும் காணாது.

ரயர்: மட் ரயரைக் கழட்டி வீட்டில வைச்சிட்டு பழைய அளவில றோட் ரயர் போடுங்கோ. பாரம் குறையும், இரைச்சல் குறையும், மீற்றரும் உண்மை பேசும். காத்து, ரயர் ஆறியிருக்கேக்க, கதவுத் தூணில ஒட்டியிருக்கிற அளவுக்கு.

---

மைல்கட்டை:

எல்லாம் செய்து 10 கிலோமீற்றருக்கு வந்ததெண்டு வையுங்கோ. 2880ஐப் பத்தால பிரிச்சா 288 லீற்றர். மாசம் 28 லீற்றர் மிச்சம். செய்யவேண்டிய வேலைதான், ஆனா உங்கட பிரச்சினை அதால தீராது. ரெண்டு தொன்னுக்கு மேல இருக்கிற இரும்பை ஒரு ஆளுக்காக 131 கிலோமீற்றர் இழுக்கிறதுதான் பிரச்சினை.

வாகன் ஆர் ஹைப்பிரிட்டிலயும் ஒரு சொல். அதின்ர மின்மோட்டார் சின்னன், நிண்டு நிண்டு ஓடுற இடத்தில, கொழும்பு நெரிசல் மாதிரி, உதவும். ஏ9ல ஒரே வேகத்தில ஓடேக்க அது சும்மா வாற பயணி. இருக்கைக்குக் கீழ இருக்கிற லிதியம் பற்றறி பழுதானா செலவு தனி. உயரமான பொடி, பாரம் குறைவு, ஆனையிறவில சோளகம் பக்கத்தால அடிச்சா ஸ்ரேறிங்கை இறுக்கிப் பிடிக்கவேணும். 1000 சீசீ விற்ஸ் அந்த வேகத்தில மூச்சு வாங்காமல் ஓடும், எண்ணெயும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

பழைய நிசான் லீவ் மின்கார் மலிவாக் கிடைக்குது எண்டு பாய வேண்டாம். 24 கிலோவோற் மணி பற்றறி, குளிராக்கிற நீர்ச்சுத்து இல்லை, எங்கட வெக்கையில தேய்ஞ்சிருக்கும். ஏசியோட 131ஐ ஒரே சார்ச்சில எதிர்பாக்கேலாது. கந்தோரில பிளக் தருவினம் எண்டா மட்டும் யோசியுங்கோ.

ரெண்டாவது வாகனம் வாங்க முதல், மிச்சம்பிடிக்கிற காசில இருந்து அதின்ர காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், சேவிஸ், ரயர் எல்லாத்தையும் மாசக்கணக்காக் கழியுங்கோ. பிறகு மிஞ்சிறதுதான் காரின்ர விலையைத் திருப்பிக் கட்டவேணும். அது ஏழெட்டு வருசம் எடுக்கும் எண்டு வந்தா ரயிலும் பஸ்ஸும்தான் விடை. கிளிநொச்சியில ஸ்ரேசன் இருக்கு, நேரம் கந்தோருக்கு ஒத்துவருமோ எண்டு பாருங்கோ. மோட்டச்சைக்கிள் எண்ணெய்க்கு நல்லம், 65 லீற்றரோட முடியும், ஆனா இருட்டினபிறகு ஏ9ல மாடு படுத்திருக்கும்.

---

உப்புக்காத்து:

விக்கிறதெண்டு முடிவெடுத்தா சொல்லுறன். இந்த வயசு ஜீப் இனி வெளியில இருந்து வராது, நாட்டுக்குள்ள கிடக்கிறதுதான் கைமாறும். வித்துப்போட்டு ரெண்டு வருசத்தால இதேமாதிரி ஒண்டு தேடினா துருப்பிடிச்சதுதான் கிடைக்கும். அதால முதல்ல உங்கட சசி (அடிச்சட்டம்) என்ன நிலை எண்டு பாருங்கோ. பின்சில்லுக்கு மேல சசி வளையிற இடம், பின் ஆம் பூட்டியிருக்கிற கிளம்ப், பொடி மவுண்ட், பின் மட்காட்டின்ர உள்பக்கம். சின்னச் சுத்தியலால தட்டுங்கோ. 'டங்' எண்டா இரும்பு, 'டப்' எண்டா பொருக்கு. சசி பொருக்கெண்டா இப்பவே விக்கலாம், நாள் போகப்போக விலை விழும். நல்லதெண்டா அவசரப்படாதேங்கோ.

துருவுக்கு மேல கறுப்புத் தார் அடிச்சு மறைச்சு விக்கிறது வேலைக்காகாது, வாங்க வாறவர் திருப்புளியோடதான் வருவார்.

ஓப்பின் பேப்பரில (வாங்கிறவர் பேர் நிரப்பாத படிவத்தில கையெழுத்து வைச்சு) மட்டும் குடுக்காதேங்கோ. வாங்கினவர் பேர் மாத்தாமல் ஓடினா பொலிஸ் கடிதம் உங்கட வீட்டுக்குத்தான் வரும். எம்ரிஏ 6, எம்ரிஏ 8 ரெண்டையும் வாங்கிறவர் பேர், திகதியோட நிரப்பிக் கையெழுத்து வைச்சு, உங்கட பங்கை நீங்களே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் பதிவுத்தபாலில அனுப்பிப்போட்டுத் திறப்பைக் குடுங்கோ. சீஆரில (வாகனப் பதிவுச் சான்றிதழில) லீசிங் கொம்பனி பேர் இன்னும் கிடந்தா அதை எடுத்தபிறகுதான் விளம்பரமே போடவேணும்.

---

கொக்குவில் ஜீப்:

எல்லாருக்கும் நன்றி. கட்டைக் கணக்குச் சரி, பத்துக்கு 9.3 தான் காட்டினது. முன் இடப்பக்க றிம் சுடுது, அங்க சிலைட் பின் இறுகிப்போய்க் கிடக்கு. சசி 'டங்'. அதால விக்கேல்லை, விற்ஸ் ஒண்டு தேடுறன். ஜீப்பை ஞாயிறுகளில மட்டும் எடுக்கிறதெண்டா எப்பிடி நிப்பாட்டி வைக்கிறது?

---

கராச் வாசல்:

முற்றத்தில பத்து நிமிசம் ஸ்ராட் பண்ணி விடுறதை மட்டும் செய்யாதேங்கோ. எஞ்சின் சூடேறாது, ஈரம் ஓயிலுக்குள்ள நிக்கும். ஞாயிறு எடுத்தா 20 கிலோமீற்றர் ஓடுங்கோ, அரைவாசித் தூரம் ஏசி போட்டு. மாசத்தில ஒருக்கா மணல்காட்டுப் பக்கம் மணலில 4எச் போட்டு ஒரு கிலோமீற்றர், அப்பதான் முன் டிபரன்சல் ஓயில் எல்லா இடமும் படும். நடு டிபரன்சலைப் பூட்டின 4எச்எல்சி தார் றோட்டில வேண்டாம். கடற்கரைப் பக்கம் போய்வந்தா அண்டைக்கே அடிப்பக்கத்தை நல்லதண்ணியில கழுவுங்கோ.

ராங்கை நிரப்பி வையுங்கோ, வெறும் ராங்கில காத்தின்ர ஈரம் தண்ணியா இறங்கும். மாசத்தில ஒருக்கா டீசல் பில்ரருக்கு அடியில இருக்கிற பிளாஸ்ரிக் திருகாணியை ரெண்டு சுத்துத் தளர்த்தி, மேல இருக்கிற கைப்பம்பை அமத்தி, ஒரு போத்திலுக்குள்ள கொஞ்சம் விட்டுப் பாருங்கோ. அடியில தண்ணி தனியாப் பிரிஞ்சு நிக்கும். அது வராமல் சுத்த டீசல் வந்தபிறகு இறுக்கவேணும். குறடு போடாதேங்கோ, கை இறுக்கம் காணும். அந்த ஆணி உடைஞ்சா பில்ரரையே மாத்தவேணும்.

ஹாண்ட்பிறேக் இழுக்காமல் சில்லுக்குக் கட்டை வையுங்கோ, இழுத்துவைச்சா சூ ஒட்டிக்கொள்ளும். பற்றறியின்ர மைனஸைக் கழட்டுங்கோ. ஓடின கிலோமீற்றர் குறைவெண்டாலும் வருசத்தில ஒருக்கா ஓயில் மாத்தவேணும். பிறகு, பொனற்றைக் கிழமைக்கு ஒருக்காத் திறந்து பாருங்கோ: வேலிக்கரையில நிக்கிற வாகனத்தில அணில் கூடு கட்டும், எலி வயர் கடிக்கும்.