புதுப்பிப்பு: ஹாட்ஜ்கின் லிம்போமா, இரண்டு கீமோ சுழற்சிக்குப் பின் பெட் ஸ்கேன் முடிவு (தருமபுரி)

சித்தப்பாவுக்கு மூன்றாம் நிலை ஹாட்ஜ்கின் லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்). கீமோ பலன் தருகிறதா என்பதை எப்போது, எதை வைத்துச் சொல்வார்கள் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

"அறிக்கைத் தாள் போதாது, முதல் ஸ்கேன் படங்கள் பதிந்த சிடி வட்டையும் எடுத்துப் போங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. பாலக்கோட்டிலிருந்து வெறும் வயிற்றோடு பெங்களூரு போனோம். அங்கே முதலில் கேட்டதே அந்த சிடியைத்தான். பெட் ஸ்கேனுக்கு முன் ஊசியில் ஏற்றும் கதிரியக்கச் சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்கள் படத்தில் ஒளிரும். முன்பு நோய் இருந்த இடங்களின் இப்போதைய ஒளிர்வை, மார்பின் பெரிய இரத்தக்குழாயோடும் கல்லீரலோடும் ஒப்பிட்டு 1 முதல் 5 வரை டோவில் மதிப்பெண் போடுகிறார்கள். பொதுவாக 3 வரை நல்ல பலன். 4, 5 என்றால் சிகிச்சையை மாற்றுவது பற்றி யோசிப்பார்கள். சித்தப்பாவுக்கு 2! கழுத்தில் சுண்டைக்காய் அளவுக் கட்டி இன்னும் கையில் தட்டுப்படுகிறது. அது வெறும் தழும்புத் திசுவாகவும் இருக்கலாமாம்; அளவைவிட ஒளிர்வுதான் கணக்கு.

எதிர்பாராதது ஒன்று: முதுகெலும்பு முழுவதும் சீராக ஒளிர்ந்தது. சித்தி அழுதே விட்டார். வெள்ளணுக்களைக் கூட்டப் போட்ட ஊசியால் எலும்பு மஜ்ஜை அப்படித் தெரியும் என்று மருத்துவர் விளக்கினார். ஊசி போட்ட தேதியை ஸ்கேன் எடுப்பவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

முடிவு நன்றாக இருப்பதால், இனி ஏபிவிடி என்ற நான்கு மருந்துக் கீமோவில் நுரையீரலைப் பாதிக்கக்கூடிய பிளியோமைசின் மட்டும் கிடையாது. மற்ற மூன்றும் தொடர்கின்றன.