எல்.எஸ்.50 மெட்டாவுக்கு எந்த ஆம்ப்ளிஃபையர்? தவில் வந்தால் அணைந்துவிடுகிறது

நாகலூர்க்காரன்:
வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் வீடு. பழைய ஓட்டு வீடு, பலகைத் தரை. ரிட்டயர்மென்ட் பணத்தில், வீட்டுக்காரிக்குத் தெரிந்தேதான், ஒரு ஜோடி கேஇஎஃப் எல்.எஸ்.50 மெட்டா ஸ்பீக்கர் வாங்கினேன். அதோடு கை காலி. அதனால் ‘சேனலுக்கு 100 வாட்’ என்று அட்டையில் போட்டிருந்த உள்ளங்கை அளவு ஆம்ப்ளிஃபையர் ஒன்றை ஆன்லைனில் பிடித்து மாட்டினேன்.

வாய்ப்பாட்டு, வீணை எல்லாம் அருமை. நாகஸ்வரக் கச்சேரி போட்டால்தான் வம்பு. ஆலாபனை வரை சரி. தனித்தவில் சூடு பிடித்து இரண்டு கையும் சேர்ந்து விழும் இடத்தில் நீல விளக்கு ஒருமுறை துடிக்கும், சத்தம் நின்றுவிடும். மூன்று விநாடி கழித்துத் திரும்ப வரும்போது தீர்மானம் முடிந்து கைதட்டல் கேட்கும்! மழை நாளில் இன்னும் மோசம். ஓட்டில் விழும் சத்தத்தை மீறிக் கேட்க வால்யூமைக் கூட்ட வேண்டியிருக்கிறது. உட்காருவது மூன்றரை மீட்டர் தள்ளி. ஸ்பீக்கரில் கோளாறா? எந்த ஆம்ப்ளிஃபையர் பொருந்தும்?

வால்வுப்பித்தன்:
நல்ல வால்வு ஆம்ப் ஒன்று வாங்குங்கள் சார். 8 வாட் போதும். குரலுக்கு அதை மிஞ்ச ஆளில்லை.

அம்மாபேட்டைத் தறி:
குரலுக்குச் சரி அண்ணா, அவர் கேட்பது தவிலுக்கு.

சார், ஸ்பீக்கரில் கோளாறு இல்லை. அந்தக் குட்டி ஆம்ப்பின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்?

நாகலூர்க்காரன்:
கண்ணாடி போட்டுப் பார்த்தேன். 24 வோல்ட், 3 ஆம்பியர்.

அம்மாபேட்டைத் தறி:
இரண்டையும் பெருக்கினால் 72 வாட். இரண்டு சேனலுக்கும் சேர்த்து வருவதே அவ்வளவுதான். இதில் பக்கத்துக்கு 100 எங்கிருந்து வரும்? 24 வோல்ட்டை வைத்துக்கொண்டு 8 ஓமில் (ஓம் என்பது ஸ்பீக்கர் கரண்டைத் தடுக்கும் அளவு) சுத்தமாகத் தள்ள முடிவது ஒரு பக்கத்துக்கு 36 வாட்தான், அதுவும் ஏட்டில்.

உங்கள் ஸ்பீக்கரை 8 ஓம் என்பார்கள். ஆனால் சில அலைவரிசைகளில் 3.5 ஓம் வரை இறங்கும். அங்கே இரண்டு மடங்குக்கும் மேல் கரண்ட் இழுக்கும். எங்கள் வீதியில் நாலு விசைத்தறி ஒரே நேரத்தில் கிளம்பினால் லைட் மங்குமே, அதே கதைதான். உங்கள் ஆம்ப் மங்காமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது.

அடுத்து சென்சிடிவிட்டி, அதாவது ஒரு வாட் கொடுத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்ற கணக்கு. 85 டெசிபெல், அதுவும் ஒரு மீட்டரில். மூன்றரை மீட்டரில், இரண்டு ஸ்பீக்கர், அறையின் எதிரொலி எல்லாம் கூட்டிக் கழித்தால் ஒரு வாட்டுக்கு 80 பக்கம் கிடைக்கும். சாதாரணமாகக் கேட்க ஒரு வாட் தாராளம். தவில் அடி ஒன்று அதைவிட 20 டெசிபெல் எகிறினால் நூறு மடங்கு வேண்டும். ஸ்பீக்கர் கம்பெனியே 40 முதல் 100 வாட் வரை என்று சொல்கிறது. நீங்கள் அதன் மேல்பாதியில் தேடுங்கள். கேம்பிரிட்ஜ் சி.எக்ஸ்.ஏ.81 என்றால் 8 ஓமில் 80 வாட், 4 ஓமில் 120 வாட். ஓம் பாதியாகும்போது வாட் எவ்வளவு ஏறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அட்டையில் போட்ட எண்ணை மறந்துவிடுங்கள். ஹெகல் எச்95 எண்ணில் 60தான், ஆனால் கரண்ட் கொடுப்பதில் கஞ்சத்தனம் கிடையாது. ரீகா பிரியோ 50 வாட்; இரண்டு மீட்டரில் உட்காருபவர் என்றால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

என்னிடம் சி.எக்ஸ்.ஏ.81 இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்து வரட்டுமா?

நாகலூர்க்காரன்:
அம்மாபேட்டைத் தம்பி வந்துவிட்டுப் போனார். 20 கொண்டை ஊசி வளைவும் ஆம்ப்ளிஃபையரை மடியில் வைத்தபடியே பஸ்ஸில் வந்திருக்கிறார். நல்ல மனுஷன்.

அதே கச்சேரி, அதே இடம். தவில் நிற்கவில்லை. வலது பக்கமான வலந்தலையில் கூடு போட்ட விரல் விழும் ‘சுள்’ தனியாக, இடது பக்கமான தொப்பியில் குச்சி விழும் கனம் தனியாகக் கேட்டது. பலகைத் தரையில் கால் வழியாகவும் வந்தது. அடுப்படியிலிருந்து வீட்டுக்காரி, “கீழே யார் வீட்டுக் கல்யாணம்?” என்றாள். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டு சாண் முன்னால் இழுக்கவும் வைத்தார், அதில் தவிலின் குமுறல் குறைந்தது.

பழையதாக ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். அப்புறம் ஒரு கேள்வி: இங்கே கோடையில் இடி விழுந்தால் ஸ்டெபிலைசர் காப்பாற்றுமா?

அம்மாபேட்டைத் தறி:
காப்பாற்றாது சார். மேகம் கூடும்போதே, இடி தொடங்கும் முன்பே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். டிஷ் கேபிளையும்தான்.