2016 தெற்கு ஆஸ்திரேலிய மின்தடை: குற்றம் காற்றாலையுடையதா?

கேள்வி: விவாதமேடை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரி மாணவர்கள் அடுத்த மாதம் பருவநிலைக் கொள்கை குறித்த விவாத அரங்கில் பேசவிருக்கிறார்கள். நிலக்கரி ஏற்றுமதியில் உலகின் முன்வரிசையில் இருந்துகொண்டே வீட்டுக்கூரைச் சூரியத் தகடுகளிலும் முன்வரிசையில் நிற்கும் நாடு என்பதால், ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொண்டோம். 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் முழுவதும் இருளில் மூழ்கிய நிகழ்வுக்கு வந்தவுடன் மாணவர்களுக்குள் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. நிலக்கரி நிலையத்தை இழுத்து மூடிவிட்டுக் காற்றை நம்பியதால் வந்த வினை என்கிறது ஒரு கட்சி. புயல் கோபுரங்களைச் சாய்த்ததற்குக் காற்றாலை என்ன செய்யும் என்று கேட்கிறது மற்றது. இரண்டுக்கும் சான்றாகச் செய்திக் கட்டுரைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. அன்று உண்மையில் நடந்தது என்ன? மின்சாரம் போனதைப் பற்றிய சண்டை, புவி வெப்பமடைவது உண்மையா பொய்யா என்ற சண்டையோடு எப்படி ஒட்டிக்கொண்டது? துறை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: மின்தடம்

வணக்கம் ஐயா. துணைமின்நிலையங்களில், பழுது நேர்ந்தால் பாதையைத் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்பு ரிலேக்களை அமைப்பது என் தொழில். அதனால் அந்நாட்டு மின்சந்தையை இயக்கும் ஏஇஎம்ஓ அமைப்பின் விசாரணை அறிக்கையை முழுவதுமாகப் படித்திருக்கிறேன்.

அன்று மாலை நான்கு மணியளவில் மாநிலத்துக்குத் தேவைப்பட்டது சுமார் 1,826 மெகாவாட். காற்றாலைகள் 883 மெகாவாட்டும் எரிவாயு நிலையங்கள் 330 மெகாவாட்டும் தர, மீதி 613 மெகாவாட் அண்டை மாநிலமான விக்டோரியாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் இரண்டு சுழற்காற்றுகள் மூன்று 275 கிலோவோல்ட் பாதைகளைச் சிதைத்தன. அன்றைய புயலில் சாய்ந்த கோபுரங்கள் மொத்தம் 23. பாதைகளில் அடுத்தடுத்து ஏற்பட்ட பழுதுகளால், இரண்டு நிமிடங்களுக்குள் கிரிட்டின் (மின்கட்டமைப்பின்) மின்னழுத்தம் ஆறு முறை சரிந்து மீண்டது.

இங்கேதான் உங்கள் மாணவர்கள் இரு கட்சியினரும் கவனிக்காத செய்தி இருக்கிறது. மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தால் டர்பைன் துண்டித்துக்கொள்ளாமல் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது விதி. அந்தத் திறன் அவற்றுக்கு இருந்தது. ஆனால் குறுகிய நேரத்துக்குள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் சரிவு ஏற்பட்டால் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளுமாறு கட்டுப்பாட்டு மென்பொருளில் ஒரு வரம்பு வைக்கப்பட்டிருந்தது. இயந்திரத்தைக் காப்பாற்ற வைத்த வரம்பு அது. அப்படி ஒன்று இருப்பதே ஏஇஎம்ஓவுக்குத் தெரியாது. ஒன்பது காற்றாலைப் பண்ணைகள் அந்த வரம்பை எட்டியதும், ஏழு நொடிக்குள் 456 மெகாவாட் கிரிட்டிலிருந்து மறைந்தது. அந்தக் குறையை ஈடுகட்ட விக்டோரியாவிலிருந்து வரும் ஹேவுட் இணைப்பின் வழியே தாங்க முடியாத அளவு மின்சாரம் பாய்ந்து, அதன் பாதுகாப்பு ரிலே 4.18 மணிக்கு அதையும் துண்டித்தது. பிறகு, உற்பத்தி தேவைக்குப் போதாமல் கிரிட்டின் அதிர்வெண் விழுந்த வேகத்தில், சில பகுதிகளை வெட்டிவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றும் தானியங்கி ஏற்பாடு வேலை செய்ய அவகாசமே கிடைக்கவில்லை. சுமார் 8,50,000 இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது.

காற்று வீசவில்லை என்பதால் நேர்ந்த தடை இது அன்று. காற்று அன்று தேவைக்கு மேல் வீசியது. அந்த வரம்பைப் பின்னர் மாற்றியமைத்துவிட்டார்கள். கிரிட் முழுவதும் இருண்டபின் அதை மீண்டும் உயிர்ப்பிப்பதற்கென்றே ஒப்பந்தம் போட்டுப் பணம் பெற்றுவந்த இரண்டு நிலையங்களும் அன்று கைவிட்டன என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். அவை எரிவாயு நிலையங்கள்.

பதில்: கணக்காயர்

மின்தடம் அவர்களின் விளக்கம் தெளிவானது. ஆனால் பாதியில் நிற்கிறது. மாநிலத்தின் கடைசி நிலக்கரி நிலையமான போர்ட் அகஸ்டாவின் நார்தர்ன் நிலையம் 2016 மே மாதம், அதாவது இந்த இருட்டுக்கு ஐந்தே மாதங்களுக்கு முன் மூடப்பட்டது. பல டன் எடையுள்ள சுழலிகள் கிரிட்டோடு சேர்ந்து சுழன்றுகொண்டிருந்தால், திடீர் இழப்பு நேரும்போது அதிர்வெண் அவ்வளவு வேகமாகச் சரியாது; வெட்டிவிடும் ஏற்பாட்டுக்குச் சில நொடிகளாவது கிடைத்திருக்கும். சுழலும் எடை தரும் அந்த நிலைமத்துக்கு (இனர்ஷியா) மாற்று ஏற்பாடு செய்துவிட்டு மூடியிருக்க வேண்டும். செய்தார்களா? 100 மெகாவாட் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி 2017 கடைசியில் வந்தது. எரிபொருள் இல்லாமலே கிரிட்டோடு சேர்ந்து சுழன்று நிலைமம் தரும் நான்கு சின்க்ரனஸ் கண்டென்சர்கள் 2021இல்தான் வந்தன. நிலையம் முதலில் போயிற்று, மாற்று பிறகு வந்தது. இதைச் சொல்பவர்களை எல்லாம் பருவநிலை மறுப்பாளர்கள் என்று முத்திரை குத்துவது எனக்கு உடன்பாடில்லை.

செலவையும் பேச வேண்டும். அம்மாநிலத்தின் சில்லறை மின்கட்டணம் நெடுங்காலமாகவே நாட்டில் மிக அதிகமானவற்றுள் ஒன்று. குவீன்ஸ்லாந்திலிருந்து 2015 முதல் எரிவாயுவைத் திரவமாக்கிக் கப்பலேற்றத் தொடங்கியபின் உள்நாட்டு எரிவாயு விலை ஏறியதற்கும் இதில் பெரும் பங்கு உண்டென்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் மின்கட்டண ரசீதைப் பிரித்துப் பார்ப்பவருக்கு அந்த விளக்கத்தால் என்ன பயன்?

பதில்: தெக்கத்திக்காரன்

கணக்காயர் ஐயா நிலைமம் பற்றிச் சொன்னது சரி. ஏஇஎம்ஓவே பிறகு, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான எரிவாயு இயந்திரங்கள் எந்நேரமும் ஓட வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. நம் ஊருக்கும் இதில் பாடம் உண்டு. மின்னழுத்தச் சரிவைத் தாங்கும் திறன் இந்தியாவில் 2014 ஏப்ரலுக்குப் பின் நிறுவப்படும் காற்றாலைகளுக்குத்தான் கட்டாயமாக்கப்பட்டது. முப்பந்தல், கயத்தாறு பக்கம் தொண்ணூறுகளில் நட்ட 225, 250 கிலோவாட் காற்றாலைகளுக்கு அந்தத் திறன் கிடையாது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அறிவியல் மீதான சண்டை மின்தடைக்கு முன்பே முற்றியிருந்தது. கரிம வெளியேற்ற உரிமங்களை வாங்கி விற்கும் கரிம வணிகத் திட்டத்தை ஆதரித்த மால்கம் டர்ன்புல்லை 2009 டிசம்பரில் 42க்கு 41 என்று ஒரே வாக்கில் வீழ்த்தித்தான் டோனி அபாட், அப்போது எதிர்க்கட்சியாக இருந்த வலதுசாரி லிபரல் கட்சியின் தலைவரானார். அந்தத் திட்டம் போதாது என்று பசுமைக் கட்சியும் செனட்டில் எதிர்த்தே வாக்களித்தது. அதை இன்றுவரை பலர் மன்னிக்கவில்லை. 2012 ஜூலையில் ஜூலியா கில்லார்டின் தொழிற்கட்சி அரசு டன்னுக்கு 23 டாலர் என்று கரிமத்துக்கு விலை வைத்தது. அதை 'வரி' என்று முழங்கியே ஆட்சியைப் பிடித்த அபாட், 2014 ஜூலையில் நீக்கினார். அது உண்மையில் கரிம வரியே அன்று, மக்களின் பணப்பையைப் பற்றிய சண்டையாக நாங்கள்தான் மாற்றினோம் என்று அவருடைய முன்னாள் தலைமை அலுவலர் பீட்டா கிரெட்லின் 2017இல் தொலைக்காட்சியிலேயே சொன்னார். கரிம விலையால் ஏறும் செலவுக்கு ஈடாக, வருமான வரி விலக்கு வரம்பை 6,000 டாலரிலிருந்து 18,200 டாலராக உயர்த்தியிருந்தார்கள். கரிம விலை போனபின்னும் அந்த வரம்பு மட்டும் அப்படியே இருக்கிறது. ஈட்டுத்தொகையைத் திருப்பிக் கேட்க எந்தக் கட்சிக்குத் துணிவு வரும்?

இந்தப் பின்னணியில் விளக்கு அணைந்ததும், அப்போது பிரதமராக இருந்த அதே டர்ன்புல் மறுநாளே, விசாரணை தொடங்கும் முன்பே, மாநிலங்களின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் இலக்குகளைக் குறை கூறினார். 2017 பிப்ரவரி வெப்ப அலையில் அடிலெய்டில் மீண்டும் மின்வெட்டு வந்தது. அடுத்த நாள் நிதியமைச்சர் ஸ்காட் மாரிசன் நாடாளுமன்றத்துக்குள் நிலக்கரிக் கட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, பயப்படாதீர்கள் என்று உறுப்பினர்களுக்குக் காட்டினார். கை கறுத்துவிடாமலிருக்க அதற்கு மேற்பூச்சு வேறு பூசியிருந்தார்களாம்.

பதில்: மின்தடம்

நார்தர்ன் நிலையம் ஓடியிருந்தால் கிரிட் தப்பியிருக்குமா என்பது கணிப்புக்கு உரியது. ஆனால் மாற்று ஏற்பாடு தாமதமாக வந்தது என்ற கணக்காயரின் வாதத்தை நான் மறுக்கவில்லை. என் எதிர்ப்பு வேறிடத்தில் இருக்கிறது. மாணவர்கள் அந்த மாலையை வைத்துக்கொண்டு, பார்த்தீர்களா, வெப்பமடைதல் கட்டுக்கதை என்று பேசக் கூடாது. காற்றில் கரியமில வாயு தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்து, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. ஆஸ்திரேலிய நிலப்பரப்பு 1910இலிருந்து ஏறத்தாழ ஒன்றரை டிகிரி சூடேறியிருக்கிறது. ஹேவுட் இணைப்பின் ரிலே எந்த நொடியில் துண்டித்தது என்பதால் இந்த அளவீடுகளில் ஒன்றுகூட மாறப்போவதில்லை. அதேபோல், அளவீடுகள் சரி என்பதால் ஒரு நிலையத்தை எந்த மாதம் மூடலாம் என்பதும் தானாக முடிவாகிவிடாது.

பதில்: விவாதமேடை

மூவருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி: மின்தடைக்குப் பிறகு ஆட்சி மாறியபோது அந்த மாநிலம் பின்வாங்கியதா? 2025 தேர்தலில் அணுமின் நிலையம் பேசுபொருளானதையும் இதே விவாதத்தில் சேர்க்கலாமா?

பதில்: தெக்கத்திக்காரன்

பின்வாங்கவில்லை. 2018இல் தொழிற்கட்சி முதல்வர் ஜே வெதரில் தோற்று, லிபரல் கட்சியின் ஸ்டீவன் மார்ஷல் வந்தார். நாட்டின் தலைநகர் கான்பராவில் அவருடைய கட்சியினர் காற்றாலையைச் சாடிக்கொண்டிருக்க, இவர் 2030க்குள் நிகர அளவில் நூறு விழுக்காடு புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று இலக்கு வைத்தார். அடுத்து வந்த தொழிற்கட்சி அரசு அதை 2027க்கு முன்னே இழுத்தது. இன்று அங்கே ஆண்டு மின்சாரத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு காற்றும் சூரியனும் தருவது.

அணுமின்சாரத்தைக் கட்டாயம் சேருங்கள். அப்போது லிபரல் கட்சியின் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த பீட்டர் டட்டன் 2024 ஜூனில் அணுமின் நிலையங்களுக்கு ஏழு இடங்களை அறிவித்தார். அவற்றுள் ஒன்று அதே போர்ட் அகஸ்டா. அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் செலவு மதிப்பீடு தமக்குச் சாதகமாக இல்லை என்றதும் அவர் அதன் நம்பகத்தன்மையையே கேள்வி கேட்டார். நிறுவனத் தலைவர் டக் ஹில்டன் பகிரங்கமாக மறுப்பு எழுத வேண்டியதாயிற்று. டட்டன் 2025 மே தேர்தலில் தோற்றார்; தம் தொகுதியையும் இழந்தார். ஆனால் அதை அணுமின்சாரத்துக்கு எதிரான தீர்ப்பு என்று மாணவர்கள் எழுதிவிட வேண்டாம். வீட்டுச் செலவு, அமெரிக்க வரிவிதிப்பு என்று அந்தத் தேர்தலில் வேறு காரணங்கள் ஏராளம்.