முதல் டிரெய்லர் பயணம்: எதை எடுத்து வைக்க மறந்து மாட்டிக்கொண்டீர்கள்?

டாலஸ்_தேன்மொழி

போன மார்ச்சில் டெக்சாஸில் உள்ள இங்க்ஸ் லேக் பூங்காவுக்குப் போயிருந்தோம். வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு டிரெய்லர் வாங்கி பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மூன்று நாளைக்கு இட்லி மாவு, பருப்புப் பொடி, வத்தக்குழம்பு, அப்பளம், பத்து கிலோ பொன்னி என்று எல்லாம் ஏற்றியாகிவிட்டது. என் மாமியாரே நின்று பார்த்து எடுத்து வைத்தார். தண்ணீர் அழுத்தத்தைக் குறைக்கக் குழாய்க்கு மாட்டும் பிரஷர் ரெகுலேட்டர் மட்டும் இல்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது.

ராத்திரி பதினோரு மணி இருக்கும். சிங்க்குக்குக் கீழே 'டப்' என்று ஒரு சத்தம். அலமாரியைத் திறந்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. பிளாஸ்டிக் முழங்கை இணைப்பு கழன்று தொங்குகிறது. கீழே அரிசிப் பை, கால் பங்கு ஏற்கெனவே ஊறிவிட்டது. என் கணவர் உள்ளே இணைப்பைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார், நான் துவாலைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் போடுகிறேன். வெளியே போய்க் குழாயை மூட வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. பக்கத்து சைட்டில் இருந்த வயதான அமெரிக்கர் ஒருவர்தான் பேச்சு எதுவும் இல்லாமல் நடந்து வந்து மூடினார்.

அப்புறம் உள்ளே வந்து முழங்காலில் உட்கார்ந்து இணைப்பைத் திரும்ப முறுக்கிக் கொடுத்தார். தன் வண்டியிலிருந்து பித்தளை ரெகுலேட்டர் ஒன்றைக் கொண்டு வந்து, மேலே இருந்த மீட்டரில் 45 பிஎஸ்ஐ வரும்வரை ஸ்குரூவைத் திருகிவிட்டு, இனிமேல் இது உங்களுடையது என்றார். பூங்காக் குழாய்களில் சில இடத்தில் அழுத்தம் 100ஐத் தாண்டும், டிரெய்லர் குழாய் அதைத் தாங்காது என்று சொன்னார். காலையில் காபி போட்டு எடுத்துக்கொண்டு போனால் அந்த சைட் காலி. பெயர்கூடக் கேட்கவில்லை. இன்னும் மனசில் உறுத்துகிறது. உங்களுக்கு எது விட்டுப்போனது, சொல்லுங்கள்.

மிச்சிகன்_வாசி

எனக்கு விட்டுப்போனது இரண்டாவது ஹோஸ். லடிங்டன் ஸ்டேட் பார்க், ஞாயிற்றுக்கிழமை, கிளம்பும் நேரம். டிரெய்லர் கழிவைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷனில் எனக்குப் பின்னால் ஏழெட்டு வண்டி நிற்கிறது. பிளாக் டேங்க்கை (கழிப்பறைக் கழிவுத் தொட்டி) திறந்ததும் கழிவு ஹோஸின் முனை தரைக் குழியிலிருந்து எகிறிவிட்டது. கையுறை இல்லை. வெறுங்கையால் பிடித்து உள்ளே அமுக்கினேன். சரி, கையைக் கழுவிக்கொள்ளலாம். தரையைக் கழுவ ஹோஸ் வேண்டுமே? என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று, குடிதண்ணீருக்கு வாங்கிய வெள்ளை ஹோஸ். அவசரத்தில் அதையே மாட்டி அடித்துச் சுருட்டிப் போட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அடுத்த பயணம். அதே வெள்ளை ஹோஸை மாட்டினேன். என் மகள் சிங்க்கில் டம்ளரைப் பிடித்து வாய்க்குக் கொண்டு போகும்போதுதான் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவு வந்தது. டம்ளரைத் தட்டிவிட்டேன். குழந்தை பயந்து அழுதுவிட்டாள். நல்ல வேளை, ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. ஹோஸைக் குப்பையில் போட்டேன், டேங்க் முழுவதும் பிளீச் ஊற்றி இரண்டு முறை அலசினேன். அந்த டம்ளர் மட்டும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

குடிதண்ணீருக்கு வெள்ளை, கழுவுவதற்கு வேறு நிறம். இரண்டும் வேறு வேறு பெட்டியில் இருக்கட்டும். ரப்பர் கையுறை ஒரு டப்பா. சமையல் சாமானை யாரும் மறக்கப்போவதில்லை, அதைப் பற்றி இங்கே பேசவே தேவையில்லை என்பது என் கருத்து.

சான்ஹோசே_அம்மா

மிச்சிகன் தம்பி, கடைசி வரியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்களைப் படுத்தி எடுத்ததே சமையல் சாமான்தான்.

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாம், ஆகஸ்ட் கடைசி. கரடி நடமாட்டம் உள்ள இடம் என்பதால் அங்கே கூடாரமோ துணிச்சுவர் டிரெய்லரோ அனுமதி இல்லை. இடம் 7,700 அடிக்கு மேலே. எடை குறையட்டும் என்று பிரஷர் குக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டேன், பாத்திரத்தில் வடித்துக்கொள்ளலாம் என்று. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. தளதளவென்று கொதிக்கிறது, அரிசி மட்டும் வேகவில்லை. முக்கால் மணி நேரம் வைத்தும் நடுவில் வெள்ளைப் பொட்டு போகவில்லை. துவரம் பருப்பைக் கேட்கவே வேண்டாம்.

சின்னவனுக்கு அன்றைக்கு லேசான காய்ச்சல். ரசம் சாதம்தான் வேண்டும் என்று மடியில் படுத்துக்கொண்டே கேட்கிறான். கரண்டியால் மசித்து மசித்துப் பார்க்கிறேன், நொய் மாதிரி உடைகிறதே தவிரக் குழையவில்லை. ஒரு வாய் வாங்கி, "கடிக்குதும்மா" என்று திரும்பிப் படுத்துவிட்டான். கடைசியில் ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தேன். நானே வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்த குக்கர் அது.

அது மட்டும் இல்லை. கழுவிய பாத்திரத்தை வெளி மேசையில் காய வைத்திருந்தேன். ரேஞ்சர் ஒருவர் டார்ச்சோடு வந்து, காலிப் பாத்திரமாக இருந்தாலும் வாசனைக்குக் கரடி வரும், உடனே உள்ளே எடுங்கள் என்றார். எண்ணெய் டப்பா, நாய்ச் சோறு, பற்பசை எல்லாமே உள்ளேதான்.

இண்டக்‌ஷன் அடுப்பை நம்பிப் போகிறவர்களுக்கு ஒன்று. டிரெய்லர் 30 ஆம்ப் என்றால் மொத்தமே 3,600 வாட். அடுப்பு 1,800, ஹீட்டர் 1,500, சுடுதண்ணீர் 1,400 சொச்சம். மூன்றையும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழும். எங்களுக்கு விழுந்தது.

ஜெர்சி_ஹைவே

என் கதை சின்னது. வர்ஜீனியா போகும் வழியில் பால்டிமோர் டன்னலுக்குச் சற்று முன்னால், புரொப்பேன் (சமையல் காஸ்) எடுத்துப்போகத் தடை என்ற பலகையைப் பார்த்தேன். ஒரு சிலிண்டர் 10 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. நம் டிரெய்லர் முன்னால் இருப்பது 20 பவுண்டு, இரண்டு. கடைசி எக்ஸிட்டில் வெட்டித் திரும்பினேன். டிரெய்லர் வால் பக்கத்து லேனுக்குப் போய்வந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அங்கே இருந்த லாரி ஹார்ன் அடித்தது இன்னும் காதில் இருக்கிறது. முன்பெல்லாம் ஊரைச் சுற்றி வரும் 695 நெடுஞ்சாலையில் கீ பிரிட்ஜ் வழியாகச் சுற்றுவோம். 2024 மார்ச்சில் அது இடிந்து விழுந்த பிறகு ஊருக்கு மேற்கே போகும் 695தான் வழி.

யாரும் கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். மேலே மூன்று பேரும் எதை ஏற்றுவது என்றுதான் பேசுகிறீர்கள். எவ்வளவு ஏற்றலாம் என்று யாரும் சொல்லவில்லை. டிரெய்லரை இழுக்கும் வண்டியின் டிரைவர் கதவைத் திறந்தால் மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுதான் என்று. என் வண்டியில் 1,300. டிரெய்லர் 6,000 பவுண்டு. அதில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (வண்டியோடு டிரெய்லரை மாட்டும் கொக்கி) மேல் உட்கார வேண்டும். 12 என்று வைத்தால் 720. நாங்கள் நான்கு பேர் 560. மிச்சம் 20 பவுண்டு! ஹிட்ச் இரும்பே அதைவிடக் கனம். இந்தக் கணக்கைப் போட்ட அன்றைக்குத்தான் வண்டியை மாற்ற முடிவு செய்தேன்.

அப்புறம், கனமான சாமானை டிரெய்லரின் பின் முனையில் வைக்காதீர்கள். பின்னால் கனம் கூடினால் ஹிட்ச் மேல் எடை குறையும், வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும், ஆட ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். தேன்மொழி, உங்கள் அரிசிப் பை சக்கர அச்சுக்கு மேலேயோ கொஞ்சம் முன்னாலேயோ இருக்கட்டும். தண்ணீர் ஒரு காலன் 8.3 பவுண்டு. 40 காலன் டேங்க்கை நிரப்பினால் 330 பவுண்டு ஏறிவிடும். போகிற இடத்தில் குழாய் இருந்தால் பாதை முழுக்க அதைச் சுமக்காதீர்கள். நட்டைச் சரியான இறுக்கத்துக்கு முறுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்று கட்டாயம். சக்கரம் கழற்றி மாட்டினால் 50 மைல் ஓட்டி நிறுத்தி நட்டுகளைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். ஹிட்ச்சைக் கழற்றும் முன் சக்கரத்துக்கு இரு பக்கமும் முட்டுக்கட்டை, எத்தனை சமதரையாக இருந்தாலும்.

சான்ஹோசே_அம்மா

ஜெர்சி சார், கணக்கு ரொம்பச் சரி. எடைக்குப் பயந்துதான் நானும் குக்கரை விட்டேன், அது ஆறு பவுண்டு. எடையைக் குறைக்க வேண்டும் என்றால் நாற்காலியை விடுங்கள், குக்கரை விடாதீர்கள்.

மெல்பர்ன்_குமரி

இங்கே கேரவன் என்போம். அதன் மின் வயர் 15 ஆம்ப், எர்த் முள் கொஞ்சம் அகலம். வீட்டில் இருக்கும் 10 ஆம்ப் பிளக் பாயிண்டில் நுழையாது. கிரேட் ஓஷன் ரோட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி ஃப்ரிட்ஜைக் குளிர வைக்கலாம் என்று போனால் மாட்டவே முடியவில்லை. அப்பா முள்ளை அரத்தால் ராவிவிடலாம் என்று அரத்தோடு வந்துவிட்டார். கையைப் பிடித்துத் தடுத்தேன். அந்த முள் அகலமாக இருப்பதே 10 ஆம்ப் வயரிங்கில் அதிக லோடு போய்ச் சூடாகக் கூடாது என்றுதான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 15 ஆம்ப் பாயிண்ட் போட்டுக்கொண்டோம். பயணம் நான்கு நாள் தள்ளிப்போனது.

டாலஸ்_தேன்மொழி

எல்லோருக்கும் நன்றி. குக்கர், இரண்டாவது ஹோஸ், டார்க் ரெஞ்ச் எழுதிக்கொண்டேன். ஜெர்சி அண்ணா, ஸ்டிக்கரைப் பார்த்தேன், எங்களுக்கு 1,480. இன்றைக்கு உட்கார்ந்து கணக்குப் போடுகிறோம்.

இன்னொன்று கேட்க வேண்டும். அன்றைக்கு நனைந்த சிங்க் அலமாரியின் அடிப்பலகை ஓரத்தில் உப்பியிருக்கிறது. கதவைத் திறந்தால் ஈர வாசனை. அப்படியே விடலாமா?

மிச்சிகன்_வாசி

விடாதீங்க அக்கா. பலகையைக் கழற்றி, கீழே தரையைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் தரைப் பலகைக்குள்ளும் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அமுங்காவிட்டால் கதவைத் திறந்து வைத்து இரண்டு நாள் ஃபேன் போடுங்கள். போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.